மலேரியாவை ஒழித்த என் மரப்பட்டை

உங்கள் துறைத் தலைவர் போன வாரம் போன் செய்து, புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஊக்கம் தரும்படி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார். முப்பது வருடத்துக்கும் மேலாக இதே செம்பூர் ஆய்வுக்கூடத்தில் செடி கொடிகளை அரைத்து, மலேரியாக் கிருமியின் தலையில் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அத்தனை வருடத்தில் நான் ஊற்றிய எதுவும் மாத்திரையாகி மருந்துக்கடைக்குப் போகவில்லை. ஊக்கத்துக்கு நான் எங்கே போவது? சொதப்பல் வேண்டுமானால் கைவசம் நிறைய இருக்கிறது. அதில் பெரியதாக ஒன்றை எடுத்துத் தருகிறேன், படித்துவிட்டு ஊக்கம் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கிண்ணத்துக்குள் கிருமியைக் கொல்வது ஒரு வித்தையே இல்லை. உப்பு கொல்லும், சோப்பு கொல்லும், சாராயம் கொல்லும், கடைசியில் சலிப்பு தட்டி அதுவே செத்துப் போகும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் எதைப் போட்டாலும் கிருமி சாகிறது என்று நான் துள்ளிக்கொண்டிருந்தேன். எங்கள் தலைவி பாலக்காட்டுக்காரர். பெயர் சொல்ல மாட்டேன். உயிரோடு இருக்கிறார், இதைப் படித்தால் போனில் பிடித்துக்கொள்வார். ஒரு நாள் அவர் எண் மட்டும் ஒட்டிய ஆறு குப்பிகளை என்னிடம் கொடுத்தார். நான் சோதித்து, நான்காம் எண் மிகவும் நம்பிக்கை அளிக்கிறது என்று இரண்டு பக்க அறிக்கை எழுதினேன். அந்த அறிக்கையை அவர் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, அடியில் ஒரு வரி எழுதினார்: "நான்காம் எண் நம் கேன்டீன் ரசம்." ஒரு மாதத்துக்கு என்னைப் பார்த்தவர்களெல்லாம் அப்பளம் வேண்டுமா என்று கேட்டார்கள்.

இயற்கைப் பொருள் வேலை செய்யாது என்று நான் சொல்வதாக நினைத்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள். மலேரியாவுக்கு உலகம் நம்பிய பெரிய மருந்துகளில் ஒன்று மரப்பட்டையிலிருந்து வந்தது, இன்னொன்று ஒரு புதர்ச்செடியின் இலையிலிருந்து வந்தது. அந்த இரண்டின் பின்னாலும் கூட்டம் கூட்டமாக ஆட்கள் உட்கார்ந்து வருடக்கணக்கில் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். நம்மிடம் சந்தேகப்பட ஆள் கிடைப்பதில்லை, பொன்னாடை போர்த்தத்தான் கிடைக்கிறார்கள்.

ரசக் கதைக்குப் பிறகு எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் வந்தது. உங்கள் காலத்திலும் அது இருக்கிறது என்று நம்புகிறேன். சாறு எடுத்தவர் கிருமியை எண்ணக் கூடாது. வேறொருவர் குப்பிகளுக்கு எண் ஒட்டுவார், மூன்றாவது ஆள் நுண்ணோக்கியில் எண்ணுவார். எது யாருடைய சாறு, எதில் வெறும் தண்ணீர் என்பது எல்லாம் எண்ணி முடித்த பிறகுதான் தெரியும். இதில் திறமை ஒன்றும் வேண்டாம், பொறுமை இருந்தால் போதும். ஆசை இருக்கிற கண் எண்ணினால் எண்ணிக்கையும் ஆசைப்பட்டபடிதான் வரும். இந்த வழக்கத்தைப் பல வருடம் பிறருக்குப் பாடம் எடுத்தவளும் நான்தான், மீறியவளும் நான்தான்.

அது ஒரு மழைக்கால ஆரம்பம். தலைவி மகளின் பிரசவத்துக்காக ஒரு மாதம் ஊருக்குப் போயிருந்தார், கூடம் என் பொறுப்பில் இருந்தது. நாற்காலி என்றால் நாற்காலி, அதில் உட்கார்ந்தவுடன் எனக்கு முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. அந்த நேரம் பார்த்து ஒரு மலைப்பகுதியில் காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்துக் குடிக்கும் மரப்பட்டை ஒன்று என் கைக்கு வந்தது. மரத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நாளைக்கே யாராவது அதைக் கொதிக்கவைத்து யூடியூபில் போட்டுவிடுவார்கள்.

எங்கள் கிருமிகளின் சாப்பாடு மனித ரத்தம். சிவப்பணுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டுதான் மலேரியாக் கிருமி வளரும். அதனால் ஊழியர்களே முறை வைத்து ரத்தம் கொடுப்போம். எனக்கு இந்த வேலை கிடைத்ததற்கு என் பட்டம் காரணமா, என் ஓ பாசிட்டிவ் ரத்தம் காரணமா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம் உண்டு. கிண்ணத்தில் அந்த ரத்தம் அடியில் சிவப்பு வண்டலாகப் படிந்திருக்கும், மேலே இளஞ்சிவப்பாக வளர்ப்பு நீர் நிற்கும். பட்டைச் சாறும் செம்பழுப்பு நிறம்தான். சாறு ஊற்றிய கிண்ணத்தில் இரண்டு நாள் கழித்து அடியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றிப் பார்த்தேன். ஒரு கிருமிகூட இல்லை. எல்லா அணுக்களும் கழுவித் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தன. சாறு ஊற்றாத கிண்ணத்தில் கிருமிகள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன.

எண்ணியது நானேதான். எண் ஒட்டச் சொல்லி, இன்னொருவரை எண்ணச் சொல்லி, அவர் வரும் வரை காத்திருக்க எனக்கு நேரமில்லை. மேலிடத்திலிருந்து ஒரு குழுவும் நான்கைந்து பத்திரிகைக்காரர்களும் வியாழக்கிழமை வருவதாக இருந்தார்கள். நகரம் முழுக்க மலேரியா என்று செய்தி வந்துகொண்டிருந்த சமயம், மருந்து கண்டுபிடித்தேன் என்று சொல்ல அதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

இந்த இடத்தில் சுலைமானை அறிமுகப்படுத்த வேண்டும். கூடத்தின் உதவியாளர். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் தாராவி. கிண்ணங்களைக் கொட்டுவது, கழுவுவது, அடுக்குவது எல்லாம் அவர்தான். விஞ்ஞானிகள் பார்க்காததையெல்லாம் கழுவுகிறவர்தான் பார்ப்பார். அந்தத் திங்கட்கிழமை காலை அவர் என்னிடம் வந்து, "மேடம், மத்தக் கிண்ணத்துல எல்லாம் அடியில செவப்பா வண்டல் கெடக்கு. ஒங்க பட்டைக் கிண்ணத்துல மட்டும் ஒண்ணுமே இல்லியே. சரியாத்தான் இருக்கா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காக அவருக்கு முனைவர் பட்டம் கொடுத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "அதான் சுலைமான் மருந்தோட வேலை! வாங்கோ, காட்டறேன்" என்று அவரை இழுத்துக்கொண்டு போய் நுண்ணோக்கி முன்னால் உட்காரவைத்தேன். அத்தனை வருட வேலையில் அவர் அதற்குள் எட்டிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மோதிரம் மாதிரி ஊதா நிறத்தில் தெரிவதுதான் கிருமி என்று சொல்லி முதலில் ஒரு தகட்டைக் காட்டினேன், பிறகு என் தகட்டைக் காட்டினேன். அவர் மாறி மாறி நான்கு முறை பார்த்தார். "மாஷா அல்லாஹ்! ஒண்ணுகூட இல்லியே மேடம்" என்றார். அவர் முகத்தில் இருந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மறுநாள் சுலைமான் வேலைக்கு வரவில்லை. மழைதானே, தண்டவாளத்தில் தண்ணீர் நின்றிருக்கும் என்று விட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் நான் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு புடவைக் கடையில் இருந்தேன். போட்டோவில் எந்த நிறம் எடுப்பாக விழும் என்று கடைக்காரரிடம் ஆலோசனை கேட்டுக்கொண்டிருந்தபோது சுலைமானிடமிருந்து போன் வந்தது.

"மேடம், ஒரு விசயம் கேக்கணும். நம்ம பட்டை நெசமாவே கேக்குமா?"

"அதுல என்ன சந்தேகம் உங்களுக்கு? கண்ணால பாத்தேளே. இனிமே மாத்திரையே வேண்டாம்னு சொல்லப்போறேன், பாருங்கோ."

"அது போதும் மேடம். ரொம்ப சந்தோசம்."

போன் செய்தது எதற்காக என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. என் வெற்றியைப் பற்றி இன்னொரு முறை கேட்டு மகிழ ஆசைப்பட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மயில் கழுத்து நிறத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்தப் புடவையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

புதன்கிழமை காலையிலும் சுலைமான் இல்லை. மறுநாள் விருந்தாளிகள் வருவதால் மேஜையைச் சுத்தம் செய்தாக வேண்டும், கிண்ணங்களைக் கொட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. பல வருடம் கழித்து நானே கிண்ணத்தைக் கையில் எடுத்துச் சாய்த்தேன். சாறு ஊற்றாத கிண்ணத்தில் வண்டல் சரிந்து வந்தது. பட்டைக் கிண்ணத்தைச் சாய்த்தேன். வண்டல் என்று சொல்ல ஒரு பூச்சு மாதிரி கொஞ்சம்தான் இருந்தது, மற்றதெல்லாம் கண்ணாடிபோல் தெளிவான சிவப்புத் தண்ணீர். சுலைமான் கேட்டது அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது. இரண்டு நாள் தாமதமாக.

கிருமியே இல்லாத நல்ல ரத்தத்தை எடுத்து அதில் சாற்றை ஊற்றினேன். ஆராய்ச்சியின் முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது. கலங்கலாக இருந்த ரத்தம் சில நிமிடங்களில் தெளிந்துவிட்டது. அதாவது அணுக்கள் எல்லாம் உடைந்து கரைந்துவிட்டன. பட்டையில் சோப்பைப் போல நுரைக்கிற ஏதோ ஒரு சரக்கு இருந்திருக்கிறது. கிருமி புகுந்த அணு ஏற்கெனவே பலவீனமானது, அது முதலில் உடையும். மிச்சம் தப்பிய கொஞ்சம் நல்ல அணுக்களைத்தான் நான் தகட்டில் தேய்த்து, ஆகா எவ்வளவு சுத்தம் என்று குதித்திருக்கிறேன். குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொன்னால் கட்டடத்தையே இடித்துத் தள்ளிவிட்டு, பாருங்கள் ஒருவரும் இல்லை என்று காட்டுகிற கதை. பட்டையின் நிறமும் ரத்தத்தின் நிறமும் ஒன்றாக இருந்ததால் கிண்ணத்தில் நடந்தது எனக்குத் தெரியவில்லை என்று பிற்பாடு பலரிடம் காரணம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் நான் கிண்ணத்தைப் பார்க்கவே இல்லை.

இன்னொரு முறை செய்து பார்க்கலாம் என்று சாறு எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தேன். இரண்டு பாட்டில் இருந்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது. குளிர்பெட்டியிலிருந்து எது எடுத்தாலும் பக்கத்தில் தொங்கும் நோட்டில் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. விஞ்ஞானிகள் பாதி நாள் எழுத மாட்டோம். சுலைமான் ஒரு நாளும் தவறியதில்லை. அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில் நேற்றைய தேதியும், எனக்குப் போன் செய்ததற்குப் பிறகான நேரமும் போட்டு இப்படி இருந்தது: "பட்டைச் சாறு, பாட்டில் ஒன்று. எடுத்தது சுலைமான். மகள் பர்வீனுக்கு மலேரியா. மேடம் அனுமதி."

போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மிச்சமிருந்த பாட்டிலைப் பூட்டி வைத்துவிட்டு அப்படியே தாராவிக்குக் கிளம்பினேன். ஆட்டோக்காரர் சயானோடு இறக்கிவிட்டார். அதற்கு மேல் முழங்கால் அளவு தண்ணீரில் நடந்தேன். வழி முழுக்க என் மண்டைக்குள் ஓடியது ஒன்றுதான். மலேரியாவில் எந்த வகை? ஒரு வகை வாரக்கணக்கில் ஆட்டிவைத்தாலும் பெரும்பாலும் பிழைக்க விட்டுவிடும். இன்னொரு வகைக்கு இரண்டு மூன்று நாள் போதும், மூளைக்கு ஏறிவிடும்.

தாராவியில் அவர்கள் வீடு மாடியில் ஒரே அறை. பர்வீன் கட்டிலில் கிடந்தாள், பத்தொன்பது வயது, சயானில் பி.காம். படிக்கிற பெண். கட்டிலடியில் வாளி. அலமாரியில் என் பாட்டிலும் ஒரு கரண்டியும் இருந்தன, பக்கத்தில் ஆஸ்பத்திரிச் சீட்டும் மாத்திரை அட்டையும். சீட்டை எடுத்துப் படித்தேன். இரண்டாவது வகைதான். வாந்தி எடுத்தால் உடனே திரும்பக் கொண்டுவரவும் என்று டாக்டர் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார். அட்டையில் முதல் வேளை மாத்திரை மட்டும்தான் காலியாகியிருந்தது.

"நீங்களே வந்துட்டியளா மேடம்!" என்று சுலைமான் எழுந்தார். அந்த முகத்தில் அவ்வளவு நிம்மதி. "மாத்திரை போட்டா, அந்தானைக்கு வாந்தி எடுத்துட்டா. இனிமே தொட மாட்டேங்கா. அதாம் நம்ம பட்டையக் குடுத்தேன். நேத்து ராவுல ஒரு கரண்டி, இன்னிக்குக் காலம்பற ஒரு கரண்டி."

"சுலைமான், அதை நிறுத்துங்கோ. அந்தப் பட்டை மருந்தே இல்லை. நான் தப்பாப் பாத்துட்டேன். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். "நான் கண்ணால பாத்தேன்லா மேடம்? ஒண்ணுகூட இல்லியே."

அணு, உடைதல், கரைதல் என்று நான் மூச்சு வாங்க விளக்கினேன். நேற்று சாயங்காலம் கேட்டபோது மூன்று வார்த்தையில் முடிந்த விஷயத்துக்கு இப்போது முப்பது வார்த்தை போதவில்லை. வாசலில் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். சுலைமானின் முகம் மெல்ல மாறியது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாளைக்குப் பெரிய பெரிய ஆளுக வாராவ. அவுகளுக்குக் காட்டுறதுக்கு முன்ன எங்க வீட்டுக்கு வந்தது தெரிஞ்சா ஒங்களுக்குக் கொறச்சல். அதாம் இல்லன்னு சொல்லுதிய. அப்படித்தான மேடம்?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது. ஆனால் அவரைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை நான் சொன்னதையும் அவர் நம்பினார், செவ்வாய்க்கிழமை சொன்னதையும் நம்பினார். புதன்கிழமை மட்டும் வந்து வேறு மாதிரிச் சொன்னால் எந்தப் பேச்சை அவர் எடுத்துக்கொள்வது? பேச்சுக்கு அங்கே இனி மதிப்பில்லை என்று புரிந்தது.

இரண்டு டீ கிளாஸ் கேட்டேன். வெறும் தண்ணீரே அணுவை உடைத்துவிடும் என்பதால், ஒரு சொம்புத் தண்ணீரில் அளவாக உப்புப் போட்டுக் கலக்கி இரண்டிலும் கொஞ்சம் ஊற்றினேன். புது ஊசி ஒன்றை வாங்கி, அடுப்பில் காட்டி, என் விரலில் குத்தி, இரண்டு கிளாஸிலும் ரத்தத்தைப் பிழிந்து விட்டேன். இரண்டும் ஒரே மாதிரி கலங்கலாகச் சிவந்தன. பிறகு ஒன்றில் மட்டும் பாட்டிலிலிருந்து பட்டைச் சாற்றை ஊற்றினேன். கூரைத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த கிளாஸ் தெளிந்தது. பர்வீனின் கல்லூரிப் புத்தகம் ஒன்றை எடுத்து இரண்டு கிளாஸுக்கும் பின்னால் பிடித்தேன். ஒன்றில் எழுத்தே தெரியவில்லை. மற்றதில் வரி வரியாகப் படிக்க முடிந்தது.

"என் ரத்தம் இது, சுலைமான். எனக்கு மலேரியா கிடையாது. உங்க பட்டை என் நல்ல ரத்தத்தைத்தான் இப்படிப் பண்ணியிருக்கு. கிருமியை அது கொல்லலை. கிருமி இருக்கற வீட்டை உடைச்சிருக்கு."

"உங்க பட்டை" என்று அந்த நேரத்தில்கூட அவர் தலையில் தள்ளியிருக்கிறேன் பாருங்கள். அதைத் திருத்தியது பர்வீன். கட்டிலிலிருந்து தலையை லேசாகத் தூக்கி கிளாஸைப் பார்த்தாள். "வாப்பா, ஆர்பார் தெரியிது, அந்தப் பக்கம் வரைக்கும்," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இது உங்க பட்டை, ஆன்ட்டி. என் உள்ளயும் இப்டி பண்ணிடுச்சா?"

"வயித்து வழியாப் போனா அவ்வளவு பண்ணாது. வாந்தியை அதிகமாக்கியிருக்கும். ஆனா உன் காய்ச்சலை இது ஒண்ணுமே பண்ணலை. ஒரு ராத்திரி முழுக்க அந்தக் கிருமி சும்மா பெருகிண்டு இருந்திருக்கு."

"சலோ வாப்பா, ஆஸ்பிடல் போலாம்," என்றாள் அவள். இனிமேல் மாத்திரையைத் தொட மாட்டேன் என்ற பெண் அவள்தான்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்து, நான்கு பேர் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் தொண்ணூறு அடி ரோடு என்கிற பெரிய ரோடு வரைக்கும் வந்தார்கள். டாக்ஸியில் ஏறிய பிறகு அவள் பேச்சு குழறத் தொடங்கியது. பரீட்சைக்கு நேரமாச்சு, ஹால் டிக்கெட் எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சுலைமான் அவள் கையை விடவே இல்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் ஓடி வந்து ஊசி ஏற்ற ஆரம்பித்தார். மாத்திரை தவிர வேறு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். பட்டைச் சாறு, இன்ன அளவு, இன்ன நேரம் என்று சொன்னேன். யார் கொடுத்தது என்று அவர் சுலைமானை முறைத்தார். சுலைமான் வாயைத் திறப்பதற்குள் "நான்" என்றேன். என் கழுத்தில் தொங்கிய ஆய்வுக்கூட அட்டையைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், "படே லிக்கே லோக் ஹோ நா ஆப்?" என்றார். படித்தவர்தானே நீங்கள் என்று அதற்கு அர்த்தம். பதில் எதிர்பாராமல் உள்ளே போய்விட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே தலைவிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். எண் ஒட்டாமல் எண்ணியதையும் சொன்னேன். மறுமுனையில் பேரக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. "அந்தப் பொண்ணு பக்கத்துலயே இரு. நாளைக்கு வரவாகிட்டே நானே பேசி வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார். பிறகு, "அப்படியும் யாராவது வந்து நின்னா, ரசம் குடுத்து அனுப்பு. அதுவாவது யாரையும் கொல்லாது" என்று வைத்துவிட்டார்.

உங்களில் சிலர் இப்போது, மேடம் எவ்வளவு நேர்மையாக எல்லோரிடமும் ஒத்துக்கொண்டார் என்று நினைப்பீர்கள். அப்படியெல்லாம் எனக்கு மாலை போடாதீர்கள். அன்று கிண்ணம் கழுவ சுலைமான் வந்திருந்தால் வியாழக்கிழமை நான் புதுப் புடவையில் பேட்டி கொடுத்திருப்பேன். அந்தப் பேட்டியைப் படித்துவிட்டு எத்தனை வீட்டில் மாத்திரை அட்டையைத் தூக்கி எறிந்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நேர்மை எனக்கு வந்தது, ஒரு பெண் சாகக் கிடந்ததால். உங்களுக்கு அது கொஞ்சம் முன்னதாகவே வரட்டும்.

அடுத்த இரண்டு நாளும் நான் வராந்தா பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். பர்வீனின் அம்மா எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுவந்தார். அதை வாங்கிச் சாப்பிட்டதுதான் என் வாழ்க்கையிலேயே ரொம்பக் கஷ்டமான காரியம். முதல் நாள் அவளுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் அப்பாவை அடையாளம் தெரிந்து கூப்பிட்டாள். ரத்தத்தில் கிருமி மளமளவென்று குறைந்துவிட்டது, இனி பயமில்லை என்று அந்தப் பெண் டாக்டர் சுலைமானிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. சுலைமான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

மூன்றாம் நாள் காலை உள்ளே வரச் சொல்லிப் பர்வீன் கூப்பிட்டனுப்பினாள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, இட்லி கல்லாக இருக்கிறது என்று அம்மாவிடம் குறைபட்டுக்கொண்டிருந்தாள். சுலைமான் ஜன்னல் பக்கம் நின்றார். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"ஆன்ட்டி, எனக்குப் போட்ட இன்ஜெக்‌ஷன்கூட ஏதோ செடியிலேர்ந்துதான் வந்ததுன்னு டாக்டர் சொன்னாங்க. சச்சியா, நெஜமாவா?"

"ஆமாம்மா. ஒரு செடியோட இலை."

"அது கரெக்டா வேலை செய்யிதான்னு எத்தனை பேரு செக் பண்ணிருப்பாங்க?"

"ரொம்பப் பேர். வருஷக்கணக்கா."

"உங்க பட்டைய?"

"ஒருத்தர்தான்."

"யாரு?"

"நான்."

அவள் யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"நஹி ஆன்ட்டி. என்னையும் சேத்தா ரெண்டு பேரு."